பொங்கலூர்க் கிணற்றில் இறங்கிய நங்கூரம்

டி.வி. கண்ணாடி முழுக்கச் சிவப்பு அம்புகள். மொத்தம் பதினேழு. எண்ணியது நான் இல்லை. எண்ணுகிற நிலையில் நான் இல்லை. செக்கிங் பிரிவில் வேலை பார்த்த பூங்கொடிதான் ஒவ்வொன்றின் மேலும் விரல் வைத்து எண்ணி, "பதினேழுங்க்கா" என்று ஹால் முழுக்கக் கேட்கும்படி அறிவித்தது.

அம்புகளுக்குப் பின்னால், இருண்டுபோன திரையில், வாயைத் திறந்தபடி ஒரு முகம் தெரிந்தது. யாரடா இவன், இவ்வளவு பரிதாபமாக இருக்கிறானே என்று உற்றுப் பார்த்தேன். நான்தான்.

நான் எழுதி, வரைந்து, இயக்கிய முதல் கார்ட்டூன் படம் அப்போதுதான் ஓடி முடிந்திருந்தது. ஏழு நிமிடப் படம். நிமிடத்துக்கு இரண்டரை அம்புக்குக் கொஞ்சம் குறைவு.

பனியன் கம்பெனியில் இருந்தவர்களுக்கு அந்த அம்பு பழக்கம். மற்றவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தைத்து வருகிற பனியனை மேசையில் விரித்து, உள்ளும் புறமும் திருப்பிப் பார்ப்பதுதான் செக்கிங். ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல், எது கண்ணில் பட்டாலும் அந்த இடத்தைக் காட்டி ஒரு சின்ன சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவார்கள். அம்பு வாங்கிய பனியன் தைத்தவரிடமே திரும்பிப் போகும். அந்த நேரத்தில் தைத்தவரின் முகத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். அது ஒரு மரியாதை.

அந்த மரியாதை எனக்குக் கிடைக்கவில்லை. செக்கிங் பிரிவின் ஏழு பெண்களும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

பந்து குதித்த படிப்பு

அதற்கு முன்னால் நாலு வருடம் நான் அதே கம்பெனியின் பிரின்டிங் ஷெட்டில் கலர் இழுத்துக்கொண்டிருந்தேன். நீளமான மேசையில் பனியன் துணியை ஒட்டி, அதன்மேல் சல்லடைத் துணி கட்டிய ஸ்கிரீனை வைத்து, ரப்பர் விளிம்பு வைத்த கட்டையால் சாயத்தை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் இழுக்க வேண்டும். அப்புறம் அடுத்த துணி. அப்புறம் அதற்கடுத்தது. மாலையில் சாமளாபுரத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது, அன்றைக்கு என்ன கலர் ஓடியது என்பதை என் நகத்தைப் பார்த்தே எதிர்வீட்டுக்காரர் சொல்லிவிடுவார்.

அந்தக் காலத்தில் என் தலைக்குள் ஒரே ஒரு ஆசைதான். கம்பெனியின் மாடியில் ஒரு கம்ப்யூட்டர் அறை இருந்தது. அதில் ஏ.சி. இருந்தது. கம்ப்யூட்டருக்காகப் போட்டது என்றாலும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆளுக்கும் காற்று படத்தானே செய்யும்?

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியில் மூன்று மாத கோர்ஸ் படித்தேன். மூன்று மாதமும் ஒரு பந்தைக் குதிக்க வைத்தோம். முதல் மாதம் பந்து மேலிருந்து கீழே வந்தது. இரண்டாம் மாதம் கீழிருந்து மேலே போனது. மூன்றாம் மாதம் தரையில் பட்டதும் கொஞ்சம் சப்பையானது. சர்டிபிகேட் கொடுத்துவிட்டார்கள். அதில் அனிமேஷன் என்றுதான் போட்டிருந்தது. பந்து என்று போடவில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை.

மாடியில் பனியன் படங்கள் வரைந்துகொண்டிருந்தவர் பெங்களூர் வேலைக்குப் போனதும் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். உட்கார்ந்த நான்காம் மாதம் முதலாளி மேலே வந்தார்.

தங்கவேல் அண்ணன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். பொங்கலூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். ஐம்பதைத் தாண்டியவர். ஆளை வேலையைவிட்டு அனுப்பினாலும் 'ங்க' போட்டுத்தான் அனுப்புவார். அதுவரை வெளிநாட்டுக்கு மட்டும் பனியன் அனுப்பிக்கொண்டிருந்தவருக்கு, நம் ஊர்க் கடைகளில் குழந்தைகள் பனியன் விற்க வேண்டும் என்று ஆசை வந்திருந்தது. பனியனோடு ஒரு கார்ட்டூன் சி.டி. இலவசம் என்பது அவருடைய திட்டம்.

"ஏனுங் தம்பி, கார்ட்டூன் பண்ணத் தெரியுமுங்களா?"

"தெரியுமுங்ணா."

என் கண்முன்னால் ஒரு பந்து குதித்துவிட்டுப் போனது.

"அடுத்த மாசம் மண்டபத்துல டீலருங்களுக்கெல்லாம் ஒரு கூட்டம் போடறேனுங். குடும்பத்தோட வரச் சொல்லியிருக்கறன். அங்க படம் போடோணும். நல்லா வந்துதுன்னா இந்த ரூமு இனி உங்க ரூமுங்க, கார்ட்டூன் டிப்பார்ட்மெண்டுன்னே போர்டு மாட்டிக்கலாம்."

"இல்லீன்னா...?"

அவர் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். கீழே பிரின்டிங் ஷெட்டின் தகரக் கூரை வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. 'ங்க' போடாமல் அவர் என்னிடம் ஒன்று சொன்னார் என்றால் அது அந்தப் பார்வைதான்.

மூன்று நிபந்தனைகள், ஒரு பழைய ஃபோல்டர்

கதாநாயகி ஒரு ஆட்டுக்குட்டி. பெயர் மினுக்கி. ஆரஞ்சு பனியன் போட்டிருப்பாள். வில்லன் நரி. இதுவரைக்கும் யாருக்கும் ஆட்சேபம் இல்லை.

ஆனால் அண்ணன் மூன்று நிபந்தனை போட்டார். ஒன்று, பனியன் எப்போதும் தெரிய வேண்டும். இரண்டு, பனியனில் அழுக்கு, ஈரம் எதுவும் படக் கூடாது. மூன்று, ஆட்டுக்குட்டி அழக்கூடாது. அது அழுதால் பார்க்கிற குழந்தை அழும், குழந்தை அழுதால் அம்மா கடையைவிட்டு வெளியே போய்விடுவாள்.

கதாநாயகிக்குத் துன்பம் வரலாம், ஆனால் துன்பம் அவள்மேல் படக்கூடாது. இப்படி ஒரு கதையை எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் என் கஷ்டம் தெரியும். ஒவ்வொரு ஆபத்தும் அவள் மூக்குக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் நின்றுவிட வேண்டும். அப்படியென்றால் ஒவ்வொரு தடவையும் யாராவது வந்து காப்பாற்ற வேண்டும். யார் வருவது? யாரை வரைவது? எனக்குத் தெரிந்தது பந்து.

அப்போதுதான் கம்ப்யூட்டரில் பழைய ஃபோல்டர் ஒன்று கண்ணில் பட்டது. எங்கள் கம்பெனி வெளிநாட்டுப் பனியன்களில் அடித்த படங்கள் எல்லாம் அதில் தூங்கிக்கொண்டிருந்தன. சிறகு விரித்த பருந்து. மின்னல். கடல் அலையில் சறுக்குகிற பலகை. சங்கிலி கோத்த நங்கூரம். எல்லாம் எனக்கு முன்னால் இருந்த ஆர்ட்டிஸ்ட் அழகாக வரைந்து வைத்தவை. எனக்கு வேலையே இல்லை. எடுத்து ஒட்ட வேண்டியதுதான்.

அன்றைக்கு என் படத்தின் திரைக்கதையை எழுதியது நான் அல்ல, அந்த ஃபோல்டர்.

மினுக்கி ஆற்றங்கரையில் தவிக்கிறாள். சறுக்குப் பலகை மிதந்து வருகிறது. மினுக்கி பொங்கலூர்ப் பக்கம் ஒரு கிணற்றுக்குள் விழுகிறாள்; மேலிருந்து நங்கூரம் இறங்குகிறது, தொற்றிக்கொண்டு ஏறிவிடுகிறாள். நரி பாய்கிறது, தெளிந்த வானத்திலிருந்து மின்னல் விழுந்து நரி கருகிவிடுகிறது. காட்டில் வழி தெரியவில்லை. பருந்து வந்து தூக்கிக்கொண்டு போய் வீட்டுக்கு முன்னால் விடுகிறது. சுபம். பனியன் கசங்கவில்லை.

மூன்றரை வாரத்தில் முடித்துவிட்டேன். என் திறமையை நினைத்து எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

எதுவும் செக்கிங் தாண்டித்தான் போகும்

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தைய திங்கட்கிழமை காலை சி.டி.யை அண்ணனிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"செக்கிங் ஆச்சுங்களா?"

"அண்ணா, இது படமுங்ணா."

"கம்பெனிய வுட்டு வெளிய போறதுதானுங்களே? அப்ப செக்கிங் முடிச்சுத்தான் போகோணும்."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. முன்பு ஒரு தடவை செக்கிங் பேச்சை மீறி அவர் அனுப்பிய சரக்கு கப்பலில் போய், ஊர் பார்த்துவிட்டு, அப்படியே திரும்பி வந்திருந்தது. அன்றிலிருந்து அந்த ஏழு பெண்கள் 'பாஸ்' என்று எழுதாத எதையும் அவர் தொட மாட்டார். ஆபீசுக்கு வந்த புது நாற்காலியையே செக்கிங்கில் கொடுத்துத் திருப்பிப் பார்க்கச் சொன்னவர்.

டீ நேரத்தில் செக்கிங் மேசைமேல் டி.வி. ஏறியது. சூப்பர்வைசர் ஜெபமணி அக்கா ரிமோட்டைக் கையில் வாங்கிக்கொண்டார். தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவர் இருப்பார். பத்தடி தூரத்தில் ஒரு பனியன் போனால் அதில் எங்கே தையல் விட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவார். போட்டிருக்கிற ஆள் யாரென்று கேட்டால் தெரியாது.

படம் ஆரம்பித்தது. மினுக்கி துள்ளி வந்தாள். "அய், ஆடு பனியன் போட்டுருக்குது" என்று பூங்கொடி சிரித்தது. எனக்குள் ஏ.சி. காற்று வீசியது.

பலகை மிதந்து வந்தது. ஜெபமணி அக்கா ரிமோட்டை அழுத்திப் படத்தை நிறுத்தினார்.

"இது எங்க இருந்து டே வந்துச்சு?"

"ஆத்துல மிதந்து வருதுங்க்கா."

"ஆத்துல மிதக்கது தெரியுது. யாரு போட்டா?"

"யாராச்சும் போட்டுருப்பாங்க."

அவர் இடது கையில் எப்போதும் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர் பட்டையிலிருந்து ஒரு அம்பைக் கிள்ளி, பலகைக்கு நேராகக் கண்ணாடியில் ஒட்டினார். பனியனில் ஒட்டுகிற அதே அக்கறையோடு, விரலால் ஒரு தடவை நீவிவிட்டார்.

அதில் ஒரு சங்கடம். பனியனில் ஒட்டிய அம்பு பனியனோடு போய்விடும். படத்தில் ஒட்டியது அப்படியே நிற்கும், படம்தான் நகரும். அடுத்த காட்சியில் அந்த அம்பு நரியின் மூக்கைக் காட்டியது. அதற்கடுத்த காட்சியில் மினுக்கியின் வாலை. பாவம், அவள் செய்யாத தப்புக்கெல்லாம் அம்பு.

நங்கூரம் இறங்கியபோது ரிமோட்டே தேவைப்படவில்லை. ஏழு பேரும் சேர்ந்து "ஏய்!" என்றார்கள்.

"ஏனுங்ணா," என்று பூங்கொடி எழுந்தே வந்துவிட்டது. "எங்க அம்மா ஊரு பொங்கலூருங்ணா. அங்க கெணத்துல தண்ணியே இல்லீங்ணா. கப்பல் எப்படீங்ணா வந்துச்சு?"

"கப்பல் வரலம்மா, நங்கூரம் மட்டும்தான்."

"அப்ப கப்பலு எங்கீங்ணா நிக்குது?"

இதற்கு எந்த இயக்குநரிடமும் பதில் இருக்காது என்று நினைக்கிறேன்.

மின்னலுக்கு இரண்டு அம்பு. அப்புறம் நரிக்கு ஒன்று, மரத்துக்கு ஒன்று, காரணமே சொல்லாமல் நிலாவுக்கு ஒன்று. ஒட்ட ஆரம்பித்துவிட்டால் கை நிற்காது போலிருக்கிறது. கடைசியில் பருந்து வந்ததும் ஜெபமணி அக்கா ஒட்டவில்லை. பட்டையை மேசையில் வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இந்தப் பருந்து இவ்வளவு நேரம் எங்க போயிருந்துச்சு?"

"பறந்துட்டு இருந்துச்சுங்க்கா."

"மொதல்லயே வந்து தூக்கிட்டுப் போயிருந்தா, நாங்க டீயாச்சும் ஆறாமக் குடிச்சிருப்போம்லா?"

அப்புறம்தான் ஒட்டினார். மூன்று.

லீவு லெட்டர்

எனக்குக் கோபம் வந்தது. கலைஞனுக்குக் கோபம் வரலாம் என்று எங்கோ படித்திருந்தேன்.

"கார்ட்டூன்ல எது வேணும்னாலும் நடக்கலாமுங்க்கா. ஆடு பேசுது, அதுக்கு ஏன் அம்பு ஒட்டல? ஆடு பனியன் போட்டுருக்குது, அதுக்கு ஏன் ஒட்டல?"

"ஆடு பேசட்டும் டே. பனியன் போடட்டும், பவுடரும் போடட்டும். மொதல்லயே சொல்லிட்டே, ஒத்துக்கிட்டோம். ஆனா அது கெணத்துல விழுந்தப்ப எனக்குப் பக்குனு இருந்துச்சு பாத்துக்கோ. எப்படி ஏறப் போகுதுன்னு நெனைக்கேன். நீ என்ன செஞ்ச? ஒரு நங்கூரத்தை எறக்கிட்டே. எனக்கு வந்த பயத்தை என்ன செய்ய? பொறவு நரி வரும்போது எனக்கு எதுக்குப் பயம்? எதையாவது எறக்கத்தான போற."

நான் வாயைத் திறந்தேன். அவர் விடவில்லை.

"நீ லீவு லெட்டர் எழுதுவியே, அதே மாதிரி கதையும் எழுதியிருக்க."

ஹால் சிரித்தது. சிரிப்புக்குக் காரணம் உண்டு. போன பொங்கலுக்கு ஒருநாள் கூடுதலாக லீவு போட்டுவிட்டு நான் கொடுத்த லெட்டர் கம்பெனியில் கொஞ்சம் பிரபலம். பல்லடம் ரோட்டில் தேங்காய் லாரி கவிழ்ந்து வழி அடைத்துக்கொண்டது. அதே நேரத்தில் என் சைக்கிளும் பஞ்சர். அதே நேரத்தில் அந்தப் பக்கமாக வந்த மாமா மயங்கி விழ, அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். அங்கே போன் வேலை செய்யவில்லை. அதைப் படித்துவிட்டு அண்ணன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அந்த மாமா உடுமலைப்பேட்டையில இருக்கறாருன்னு போன தடவை சொன்னீங்களே, பல்லடத்துக்கு எப்பங்க வந்தாரு?"

லாரியை அவர் நம்பினார். பஞ்சரையும் நம்பியிருப்பார். மாமா வந்ததும் லாரியும் போச்சு, பஞ்சரும் போச்சு.

அன்றைக்குத் திட்டு வாங்கினேனே தவிர யோசிக்கவில்லை. செக்கிங் ஹாலில் நின்றபோதுதான் உறைத்தது. நடக்கவே முடியாததைக்கூட ஜனங்கள் நம்பிவிடுகிறார்கள். எனக்கு வசதியாக நடப்பதைத்தான் நம்ப மறுக்கிறார்கள். அங்கே வந்ததும் அவர்கள் கண் கதையைவிட்டு, கதை எழுதியவன் கையைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறது.

ஜெபமணி அக்கா வழக்கமான செக்கிங் தாளை எடுத்தார். பொருள்: ஆட்டுக்குட்டி சி.டி. எண்ணிக்கை: ஒன்று. குறை: பதினேழு. முடிவு: ரிஜெக்ட். சரிசெய்து மறுபடி காட்டவும்.

அண்ணன் அதை இரண்டு தடவை படித்துவிட்டு என்னிடம் கொடுத்தார். "சனிக்கெழமைக்குள்ள முடிஞ்சிருமுங்களா?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டே ஜன்னல் பக்கம் போனார். நான் அவசரமாக "முடிஞ்சிருமுங்ணா" என்றேன். அவர் கூரையைப் பார்ப்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது.

ஐந்து நாள்

அந்த வாரம் வீட்டில் கார்ட்டூன் பார்க்க உட்கார்ந்தாலே அம்பு ஒட்டக் கை அரித்தது. படம் முழுக்க யாரும் சொல்லாத மந்திரக் கல், கடைசி நிமிடத்தில் கதாநாயகன் பையிலிருந்து வருகிறது. வில்லன் பிடித்துவைத்த ஆளை உடனே ஒன்றும் செய்யாமல், தன் திட்டத்தை ஆதியோடந்தமாக விளக்குகிறான். விளக்கி முடிப்பதற்குள் கட்டு அவிழ்ந்துவிடுகிறது. "அந்தக் கல்லு எங்க இருந்து வந்துச்சு?" என்று நான் சத்தமாகக் கேட்டுவிட்டேன். பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், "மாமா, நீங்க வெளிய போய் உக்காருங்க" என்றார்கள்.

வெளியே உட்கார்ந்து யோசித்தேன். புதிதாக வரைய நேரமில்லை. இருப்பதை வைத்துத்தான் செய்ய வேண்டும். இருப்பது என்ன? ஒரு ஆடு. ஒரு நரி, அதுவும் மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு நடக்க மட்டும் தெரிந்த நரி. ஒரு பருந்து. ஒரு கிணறு. ஒரு பனியன்.

பனியன்!

கம்ப்யூட்டரில் படங்களை ஒன்றின்மேல் ஒன்றாக, கண்ணாடித் தாள் அடுக்குவது மாதிரி வைப்போம். மினுக்கி ஒரு தாள். அவள் பனியன் வேறு தாள். சீசனுக்குச் சீசன் கலர் மாற்ற வசதியாக இருக்கட்டும் என்று பிரித்து வைத்திருந்தேன். ஆட்டைத் தொடாமலே பனியனைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கலாம். பின்னலாடையில் நூல் முனை கிடைத்து இழுத்தால் வரிவரியாகப் பிரிந்துகொண்டே வரும் என்பது எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

ஆட்டைச் சின்னதாக்கி ஒரு தம்பியை உண்டாக்கினேன். படம் ஆரம்பித்ததுமே பருந்து வந்து தம்பியைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டில் நழுவவிடுகிறது. மினுக்கி தேடிக் கிளம்புகிறாள். போனால் திரும்பி வர வழி தெரிய வேண்டுமே? பனியனின் அடி விளிம்பைக் கடித்து நூல் முனையை எடுக்கிறாள். வேலிக் கம்பத்தில் கட்டுகிறாள். நடக்கிறாள். நடக்க நடக்கப் பனியன் பிரிகிறது. இடுப்பு தெரிகிறது. வயிறு தெரிகிறது. தம்பியைக் காணோம். இன்னும் ஒரு சாண் பனியன்தான் பாக்கி. பின்னால் நூலை மோந்தபடி நரி.

தம்பி கிடைக்கும்போது அவள் கழுத்தில் பட்டி மட்டும் மிச்சம். அதையும் பிரித்து, நூலைக் கிணற்றுக்குக் குறுக்கே இழுத்துப் போடுகிறாள். தரையைவிட்டு மூக்கை எடுக்கத் தெரியாத நரி நூலோடு நடந்து உள்ளே விழுகிறது. அக்காவும் தம்பியும் வீட்டு வாசலுக்கு வந்து கதவைத் தட்டுகிறார்கள். முற்றும்.

கதவைத் திறக்க வேண்டிய அம்மாவை வரைய நேரமில்லை. அதனால் முற்றும்.

சனிக்கிழமை டீ நேரத்தில் மறுபடி டி.வி. ஏறியது. ஜெபமணி அக்கா கையில் முழுப் பட்டை இருந்தது. பருந்து தம்பியைத் தூக்கியதும் நானே பயந்துபோய், "அக்கா, இதுக்கு அம்பு...?" என்றேன்.

திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னார்: "கெட்டது எப்பவும் சொல்லாமத்தான் டே வரும். அதுக்கெல்லாம் யாரும் கணக்குக் கேக்க மாட்டாங்க. சும்மா இரு."

சும்மா இருந்தேன். ஹாலும் சும்மா இருந்தது. பனியன் வயிற்றுக்கு மேல் ஏறியபோது பூங்கொடி, "இன்னொரு நாலு வரிதான் இருக்குதுக்கா" என்று கிசுகிசுத்தது. யாரோ அதை அதட்டினார்கள். டீ எல்லாம் ஆடை கட்டிக்கொண்டு ஆறியது.

படம் முடிந்தது. கண்ணாடியில் ஒரு அம்புகூட இல்லை. ஜெபமணி அக்கா தாளில் 'பாஸ்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அண்ணன் கையெழுத்தை மட்டும் பார்த்தார். "அப்பறமென்னுங், பெட்டியில போட்டுருங்க" என்றார்.

மண்டபம்

வெள்ளைப் பனியன் துணியை இழுத்துக் கட்டித் திரை செய்திருந்தோம். மின்விசிறிக் காற்றில் துணி கொஞ்சம் புடைத்துக்கொண்டதால் மினுக்கி சினையாடு மாதிரி தெரிந்தாள். யாரும் அதைக் கவனிக்கவில்லை. டீலர்களும் அவர்கள் பிள்ளைகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கழுத்துப் பட்டி மட்டும் மிச்சமிருந்தபோது ஒரு சின்னப் பெண் நாற்காலிமேல் ஏறி நின்று, "திரும்பிப் பாரு, நரி வருது!" என்று கத்தினாள். நரி கிணற்றில் விழுந்ததும் மண்டபமே கை தட்டியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கதவில் போர்டு எந்தக் கலரில் மாட்டலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

கைதட்டல் அடங்கியதும் உடுமலைப்பேட்டை டீலர் ஒருவர் எழுந்தார்.

"ஏனுங்க தங்கவேலு, படம் ரொம்ப நல்லாருந்துச்சுங்க. ஒரே ஒரு சந்தேகமுங்க."

"கேளுங்."

"நம்ம பனியனு தொவைச்சாலே பிரிஞ்சு வந்துருமுங்களா, இல்ல ஆடு கடிச்சாத்தானுங்களா?"

அண்ணன் மெதுவாக என் பக்கம் திரும்பினார். நான் மெதுவாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஜெபமணி அக்கா பக்கம் திரும்பினேன். அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

பத்தடி தூரத்தில் விட்டுப்போன ஒரு தையலைக் கண்டுபிடிக்கிற கண்கள். அப்படிப்பட்ட கண்கள் ஏழு ஜோடி, எங்கள் பனியன் அடியிலிருந்து கழுத்துவரை முழுசாகப் பிரிந்து காட்டுக்குள் நூலாகப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கின்றன. ஒருத்திக்கும் ஒரு அம்பு ஒட்டத் தோன்றவில்லை. எழுதிய எனக்கும் தோன்றவில்லை. எல்லோரும் தம்பியைத் தேடிக்கொண்டிருந்தோம்.

அன்றைக்குச் சாப்பாடு பலமாகப் போனது. ஆர்டர் ஒருவரும் எழுதவில்லை. இந்த இடத்தில், தூரத்து ஊரிலிருந்து வந்த ஒரு பெரிய டீலர் திடீரென்று எழுந்து, "இந்தத் தம்பிக்காகவே நான் வாங்குகிறேன்" என்று சொன்னதாக எழுத எனக்கும் ஆசைதான். அப்படி யாரும் வரவில்லை.

கதவு

திங்கட்கிழமை அண்ணன் மேலே வந்தார். கோபமே இல்லை. என் தோளில் கைகூட வைத்தார்.

"தம்பி, கம்ப்யூட்டருக்குக் கொஞ்ச நாளு ரெஸ்ட் குடுக்கலாமுங்களா?"

"குடுக்கலாமுங்ணா."

"நீங்களும் சும்மா இருக்க வேண்டாமுங்க. கீழ ஆள் பத்தலைன்னு மாஸ்டர் சொல்லிட்டே இருக்கறாருங்க."

நான் ஏ.சி.யை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினேன். பிரின்டிங் மாஸ்டர் எதுவும் கேட்காமல் கட்டையை என் கையில் கொடுத்தார். அன்றைக்குப் பச்சைக் கலர். சாமளாபுரம் எதிர்வீட்டுக்காரருக்குச் செய்தி சொல்ல என் நகமே போதும்.

மத்தியானம் சாப்பாட்டு நேரம் முடிகிற சமயம். நான் மூன்றாவது துணிக்குக் கலர் இழுத்துக்கொண்டிருந்தேன். ஷெட் வாசலில் நிழலாடியது. ஜெபமணி அக்கா தூக்குப்போசியோடு நின்றார். பின்னால் பூங்கொடி. அதற்குப் பின்னால் மற்ற ஐந்து பேரும்.

மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். பெருந்தன்மையாக முகத்தை வைத்துக்கொண்டேன்.

"எலே, ஒண்ணு கேக்கணும்னு ரெண்டு நாளா இருக்கேன்," என்றார் அக்கா. "அந்தப் பிள்ளை பனியன் இல்லாமலா வீட்டுக்குப் போச்சு? புதுப் பனியன் வேற. கதவைத் தொறந்ததும் அவ அம்மா என்ன சொன்னா?"

"அடிச்சுருப்பாளுங்களாண்ணா?" என்றது பூங்கொடி.

நான் அவர்களைப் பார்த்தேன். போன திங்கட்கிழமை முழுக்க எல்லோரும் 'எங்கிருந்து வந்தது, எங்கிருந்து வந்தது' என்றுதான் கேட்டிருந்தார்கள். அப்புறம் என்ன ஆச்சு என்று என்னை ஒருத்தர் கேட்பது அதுதான் முதல் தடவை. எனக்கும் பதில் தெரியாது. அம்மாவை நான் வரையவே இல்லையே.

கட்டையை ஸ்கிரீன்மேல் அப்படியே விட்டுவிட்டேன்.

"அம்மா மொதல்ல கதவத் தொறக்கலீங்க்கா," என்று ஆரம்பித்தேன். "உள்ள இருந்தே, யாருன்னு கேட்டா..."

கலரை ஸ்கிரீனில் அப்படி விடக்கூடாது. ஐந்து நிமிடத்தில் காய்ந்து சல்லடைக் கண்ணை அடைத்துக்கொள்ளும். அடைத்துக்கொண்டது. மாஸ்டர் ஷெட்டின் மறுகோடியிலிருந்து கத்திக்கொண்டே ஓடி வந்தார். ஜெபமணி அக்கா திரும்பாமல் கையை மட்டும் தூக்கி அவரை நிறுத்தினார்.

"கொஞ்சம் சும்மா இரிங்க மாஸ்டர். அம்மாக்காரி இப்பத்தான் தாப்பாளை எடுத்திருக்கா."